வலது கீழ்மூலை

ஓவியருடைய படங்களில் வலது பக்கத்துக் கீழ்மூலை மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். அதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு விமர்சகர் அந்த மூலைக்கு ‘மௌனத்தின் வாசல்’ என்று பெயர் சூட்டி, தலையணை மாதிரி ஒரு புத்தகமே எழுதித் தள்ளினார். தனக்குள் அவ்வளவு மௌனம் இருப்பது அதைப் படித்துத்தான் ஓவியருக்குத் தெரிய வந்தது.

உண்மையில் அந்த மூலைக்குக் காரணம் ஒரு பீரோ. பழைய வீட்டின் ஒற்றை அறையில், பீரோக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது படத்தின் கீழ்மூலையில் உரசும். ஈரப் பெயிண்ட் கதவில் ஒட்டி, அங்கிருந்து மனைவியின் துணியில் ஏறும். ஒருநாள் முதுகில் பச்சைத் திட்டோடு அவள் வேலைக்குப் போக, அலுவலகமே சிரித்தது. “அந்த மூலையில மட்டும் கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றாள். வீட்டில் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில். ஓவியர் அந்த மூலையைத் தொடுவதை விட்டார். கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட மூலைகள் அப்படியே விற்றுப் போயின.

உங்களுக்கு உந்துதல் எது என்று பேட்டிகளில் கேட்பார்கள். பீரோ என்றால் யார் மதிப்பார்கள்? கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, ‘இழப்பு’ என்பார். எதை இழந்தார் என்று அவர்களும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

புகழ் வந்தது, பெரிய வீடு வந்தது. வரைவதற்கென்றே தனிக்கூடம், பீரோ மாடிக்குப் போய்விட்டது. அடுத்த கண்காட்சிக்கு அந்தப் பழைய அறையை வரைந்தார். மூலையில் பீரோவைத் திறந்தபடி மனைவி நின்றாள்: வாயில் கவ்விய ஹேர்பின், முதுகில் பச்சைத் திட்டு. பாசாங்கு இல்லாமல் அவர் வரைந்த ஒரே படம் அதுதான். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இத்தனை வருஷமா என்னைப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்களா?” என்று கேட்டாள். கண்காட்சியில் இதுதான் நடுநாயகமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

படங்களை விற்றுத் தரும் அம்மாள் வந்து பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. மூலை நிரம்பிவிட்டால் இதுவரை வாங்கியவர்கள் எல்லாம் ஏமாளிகளாகிவிடுவார்களாம். அந்தப் புத்தகத்தின் கதி என்னவாம்?

“அது யாரா வேணா இருக்கட்டும் சார். அங்க நிக்கக் கூடாது.”

ஓவியர் அன்று முழுக்க உர்ரென்று திரிந்தார். கலைஞனை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு போய் வெள்ளைப் பெயிண்டைக் குழைத்தார். அந்தப் பச்சைத் திட்டு மட்டும் லேசில் மறையவில்லை. அதன்மேல் இன்னொரு பூச்சு பூச வேண்டியிருந்தது. மனைவியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்தான் கூட்டம். விமர்சகர் மூலையருகே குனிந்து, இவ்வளவு ஆழமான வெறுமையைத் தான் கண்டதே இல்லை என்று உருகிக்கொண்டிருந்தார். மனைவி அந்த வெள்ளையை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஓவியர் மெல்லத் தூணோரம் ஒதுங்கினார். இந்த மூலையில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று விமர்சகர் அவளிடம் பணிவோடு கேட்டார்.

“நான் இங்கதாங்க இருந்தேன்” என்றாள் அவள். “இப்ப இல்ல.”

விமர்சகருக்குப் புல்லரித்துவிட்டது, அவசரமாகக் குறித்துக்கொண்டார். கூடமே கைதட்டியது. அவள் திரும்பிக் கணவரைத் தேடினாள். தூணோரம் நின்று அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.