குளித்துவிட்டு வா

மருமகள் வேலை பார்த்தது, இலைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்கும் கொட்டகையில். ஒரு நாள் புதினா, ஒரு நாள் தைலமர இலை, ஒரு நாள் எலுமிச்சைப் புல். எது வெந்தாலும் அதன் வாசனை தலைமுடி வரை ஏறி, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். மாமியாருக்கு அது அறவே ஆகாது.

"குளிச்சிட்டு உள்ள வா. அடுப்புல இருக்கிறது வெந்துச்சா தீஞ்சுச்சான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது" என்று வாசலிலேயே மறித்துவிடுவார். அவர் சமைப்பது மூக்கால்.

இத்தனைக்கும் அவளை அந்த வேலைக்கு அனுப்பியதே மாமியார்தான். கைக்குழந்தைக்காரிக்கு வேலை ஒரு கேடா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது, "பிள்ளையை நான் பார்த்துக்குறேன். உங்களை யாரும் தாலாட்டுப் பாடக் கூப்பிடலை" என்று ஒரே போடாகப் போட்டவர். அதற்காகவே அவர் எவ்வளவு திட்டினாலும் தகும் என்று மருமகள் நினைத்தாள்.

அப்படிப்பட்டவரை ஒரு காய்ச்சல் பாடாய்ப் படுத்தியது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசனை போனதும் ருசியும் போனது. சோறும் அட்டையும் ஒன்றுதான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வளையல் முழங்கை வரை வழுக்கியது. பாலைத் தீயவிட்ட அன்று கரண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் குளிக்காமலே உள்ளே வந்தாள். மறிக்க ஆளில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தினமும் நாலு வாசனை முகர்ந்து பழகட்டும். வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

நம் கொட்டகையில் இல்லாத வாசனையா என்று மருமகள் ஆர்வக்கோளாறில் முதலில் கொண்டுவந்தது புதினா எண்ணெய். முகர்ந்ததும் மாமியாரின் கண் கலங்கியது. "ஏதோ தெரியுதுடி!" வீடே குதித்தது. மறுநாள் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி நீட்டியபோது, புதினாவும் தைலமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. மூக்கில் ஏறியது எரிச்சல்தான், வாசனை இல்லை. ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோமே என்று மருமகள் கொதிகலனுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

பிறகு காட்டமில்லாதவையாகப் பார்த்துக் கொண்டுவந்தாள்: ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல், கசக்கிய எலுமிச்சைப் புல். மாமியார் காலையும் மாலையும் முகர்ந்து முகர்ந்து உதட்டைப் பிதுக்கினார். மாதங்கள் ஓடின.

ஒரு நாள் காலை, "இன்னிக்குத் தைல இலை, அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். இலை லாரி வரவில்லை; கொட்டகையில் அன்று எலுமிச்சைப் புல்லை வேகவைத்தார்கள். மாலையில் அவள் வீட்டுக்குள் கால் வைத்தபோது மாமியார் முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சைப் புல்லுல புரண்டுட்டு வந்தியா? எத்தனை தடவை சொல்றது, குளிச்சிட்டு வான்னு!"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நறுக்கிய கை அப்படியே நின்றது.

மருமகள் குளிக்கப் போகவில்லை. முதன்முறையாக மாமியார் பேச்சைத் தட்டினாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, முடியை அவர் மடியில் போட்டாள்.

"இன்னொரு தடவை திட்டுங்க, அத்தை."

மாமியார் அந்த முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் மூச்சிழுத்தார்.

"நாறுதுடி" என்றார், அழுதுகொண்டே.