வாளியில் ஊறிய பல்செட்டுகள்

அந்த மனிதர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த காலத்தில், மைக்கைத் தொட்டால் போதும், மூன்றாவது பிளாட்பாரத்தில் தூங்குகிற நாய் எழுந்து சரியான பெட்டியின் முன்னால் போய் நிற்குமாம். ஊரில் இடி இடித்தால், "ஸ்டேஷன்ல ஏதோ சொல்றாங்க" என்று ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். அப்பேர்ப்பட்ட வாய். முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகும் அவருக்கு ஸ்பீக்கர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இல்லத்தில் கீழ்த்தளம் ஒன்று, மேல்மாடி ஒன்று. கீழே இருக்கிறவர்கள் நடப்பார்கள், சண்டை போடுவார்கள், சட்னியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஸ்பூனில் ஊட்டுவார்கள். மேலே போனவர் தன் காலால் இறங்கி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. படிக்கட்டுக்கே இறங்குகிற வழக்கம் மறந்துபோய்விட்டது.

ஸ்பீக்கரின் மகன் போனில் தீர்மானமாகச் சொல்லியிருந்தான். "ஞாயித்துக்கிழமை வரோம்ப்பா. நேர்ல பாக்கறோம். நீங்க தெளிவா இருந்தா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறோம். கொஞ்சம் தடுமாற்றமா இருந்தா மேல்மாடிதான் நல்லது. அங்க கவனிப்பு ஜாஸ்தி."

தெளிவுக்கா பஞ்சம்? அன்றிலிருந்து ஸ்பீக்கர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். "கண்ணா, எனக்கு ஒரு மூலை போதும். என் துணியை நானே துவைச்சுக்குவேன். டிவி ரிமோட்டைத் தொடவே மாட்டேன்." கடைசி வாக்கியம் மருமகளுக்காகச் சேர்த்தது. அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் பூட்டுக்காரர். ஆயுள் முழுக்கப் பூட்டு ரிப்பேர் செய்தவர். வாயும் பூட்டியே இருக்கும். காரணம் ஞானமல்ல, பல்செட். அவருடைய செட்டு ஒரு காண்டாமிருகத்துக்கு அளவெடுத்தது போலிருக்கும். வாயைத் திறந்தால் மடியில் விழும். மகள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "வீட்டுக்கு வரீங்களாப்பா?" என்று கேட்பாள். இவர் பல்லைப் பிடித்துக்கொண்டு தலையை எப்படியோ ஆட்டுவார். "இங்கயே பிடிச்சுப்போச்சு போல" என்று அவள் திரும்பிப் போவாள்.

சனிக்கிழமை மேட்ரன் உத்தரவு போட்டாள். "நாளைக்கு விசிட்டர்ஸ். ஜன்னல்லேருந்து பல்லு வரைக்கும் எல்லாம் பளபளன்னு இருக்கணும்."

வழக்கமாக அவரவர் பல் அவரவர் கிண்ணத்தில் ஊறும். கட்டிலுக்கடியில் கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். ஒரு தளத்துக்கு ஒரே ஆளாக ஓடுகிற ஆயாம்மா கிண்ணம் கிண்ணமாகத் தேய்த்தால் பொங்கல் கழிந்து தீபாவளி வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டினாள், ஒரு குத்து சோப்புத்தூள் போட்டாள், துடைப்பக்கட்டையால் ஒரு கலக்குக் கலக்கினாள். காலையில் பற்கள் முத்து முத்தாக ஜொலித்தன. யாருடையது எது என்பதைத்தான் அந்தக் கடவுளே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது.

"மேடம், எல்லாம் கலந்துடுச்சு" என்றாள் ஆயாம்மா, வாளியும் கையுமாக.

வாசலில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம். "ஆளுக்கொண்ணு மாட்டி விடு. வாய்னா எல்லாம் வாய்தானே?" என்றாள் மேட்ரன்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்கு யாருடையதோ மாட்டி, உதடு மூடவே இல்லை. வந்தவர்களெல்லாம், "எப்பவும் சிரிச்ச முகம், எவ்வளவு சந்தோஷமா வச்சிருக்காங்க பாரு" என்று மெச்சிக்கொண்டார்கள். டீச்சர் கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். ஸ்பீக்கருக்கு வந்தது அந்தக் காண்டாமிருகச் செட்டு.

மகனும் மருமகளும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் நிமிர்ந்தார், மூச்சை இழுத்தார், ஒத்திகை பார்த்ததைத் தொடங்கினார். வெளியே வந்தது பேச்சல்ல, தண்ணீர் வராத குழாய் கொப்பளிக்கிற சத்தம். மேல்வரிசை நழுவிக் கீழ்வரிசையைக் கடித்தது. இரண்டும் சேர்ந்து மருமகளின் கைப்பைக்குள் போய் விழுந்தன.

"ஐயோ மாமா!"

"என்னப்பா ஆச்சு? வாய் கோணுதா?" மகன் எழுந்தே விட்டான்.

ஸ்பீக்கர் கையை வீசி மறுத்தார். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கணீர் குரல்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. எனக்கு இங்க பிடிக்கலை. என்னிக்குமே பிடிச்சதில்லை."

பூட்டுக்காரர்! மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் வாயில் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தது யாருடையது என்று ஸ்பீக்கருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஓரத்துப் பல்லில், என்றோ கீழே போட்டு உடைத்த மூளி.

பொக்கை வாயோடு கத்தினார். "அது என் பல்லு! அவன் வாயில இருக்கறது என் பல்லு! திருடிட்டான்!"

மருமகள் மகனின் முழங்கையைத் தொட்டாள். மேட்ரன் ஓடிவந்து ஸ்பீக்கரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "பாத்தீங்களா சார், இப்படித்தான் ஆரம்பிக்கும். கண்ணாடியத் திருடிட்டாங்க, செருப்பத் திருடிட்டாங்கன்னு சொல்வாங்க. பல்லுன்னு இப்பதான் முதல்தடவ கேக்கறேன். கொஞ்சம் முத்தின கேஸ்."

ஆயாம்மா வாயைத் திறந்தாள். மேட்ரன் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆயாம்மா குனிந்து, துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள்.

ஸ்பீக்கர் தட்டுத்தடுமாறிப் போய்ப் பூட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். "யோவ், கழட்டுய்யா. ஒரே ஒரு நிமிஷம். பேசிட்டுத் தந்துடறேன்."

பூட்டுக்காரர் அவரை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கத்தான் செய்தது. அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டார். எந்தச் சாவிக்கும் திறக்காத மூடல். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை அது திறக்கவில்லை.

மகன் மேட்ரனின் மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டான். மேல்மாடிக்குத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கைப்பையிலிருந்து எடுத்த செட்டை மறுபடி வாயில் திணித்திருந்ததால், நடந்தே வருகிறேன் என்று அவர் சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. மேலே பல்லுக்கு வேலையில்லை என்பதால் காண்டாமிருகச் செட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் ஆயாம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மேலே வந்தாள். "ஐயா, பூட்டுக்காரர் மக அவருக்குப் புதுசு கட்டிக் குடுத்துட்டாங்களாம். இத உங்ககிட்ட சேத்துடச் சொன்னாராம். என்ன மன்னிச்சிடுங்கய்யா."

ஸ்பீக்கர் மாட்டினார். தாழ்ப்பாள் விழுகிற மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆயாம்மாவின் போனை வாங்கி மகனை அழைத்தார். ஒரு எழுத்துப் பிசகாமல், பழைய பிளாட்பாரக் குரலில், ஒத்திகை பார்த்ததை முழுக்கச் சொன்னார். மூலை, துணி, ரிமோட், எல்லாம். வாளி விஷயத்தையும் சொன்னார். சுற்றிலும் கட்டில்களில் கிடந்தவர்கள்கூட வண்டி வருகிறதோ என்று கண்ணைத் திறந்தார்கள்.

மறுமுனையில் மகன் பூரித்துப் போனான். "அப்பா! எவ்வளவு தெளிவா பேசறீங்க! நம்பவே முடியலப்பா! ஏய், இங்க வா, மாமா பேசறதக் கேளு!"

"அப்ப வந்து கூட்டிட்டுப் போறியாப்பா?"

"என்னப்பா நீங்க, மேல்மாடிக்குப் போன கொஞ்ச நாள்லயே இவ்வளவு தேறியிருக்கீங்க. இதக் கெடுக்கலாமா? அங்கயே இருங்கப்பா."