மேலே படி

"இது எப்ப வந்துச்சு?"

அப்பா மகளின் ஹால் டிக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். அண்ணனின் பொருளாதாரப் புத்தகத்துக்குள்ளிருந்து நழுவி அது அவர் காலடியில் விழுந்திருந்தது. அதுவரை சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த மகள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"திங்கக்கிழமைப்பா."

"இன்னைக்கு வெள்ளி. பரீட்சை நாளைக்கு. அஞ்சு நாளா ஒளிச்சு வச்சிருக்கே?"

நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அண்ணனின் மனம் பாடத்திலேயே இருந்தது. வாசிப்பு நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது. வழக்கப்படி, "மேலே படி" என்றான். ஒரு நாளைக்கு நூறு தடவை "மேலே படி" என்ற சொல்லைக் காதில் வாங்கும் பெண் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பதினான்கு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது. மூளை போகவில்லை, அது இரண்டு மடங்கு கூர்மையாயிற்று. தட்டுத்தடுமாறிப் பட்டம் வாங்கினான். அரசின் உயர் பதவிகளுக்கான தேர்வில் முதல் கட்டத்தை ஒவ்வொரு முறையும் தாண்டினான். இரண்டாம் கட்டத்தில்தான் கால் வழுக்கியது. அங்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பார்வையில்லாதவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளை அழைத்து வரலாம் என்பது விதி. அப்படி வருகிறவர் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. நல்ல விதிதான். படித்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் எழுதியது யார் மூளை என்று யார் கண்டார்கள்?

ஆனால் நல்ல விதியும் சில வீடுகளுக்குள் நுழைந்தால் வேறு முகம் காட்டும். இந்த வீட்டில் அது, 'மகள் பட்டம் வாங்கக் கூடாது' என்று ஆயிற்று.

முதல் முறை தேர்வாணையமே ஒரு பையனை அனுப்பியது. 'பற்றாக்குறை' என்று எழுதுவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே முடியவில்லை. நாலு மார்க்கில் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் 'நாலு மார்க்'தான். தங்கைக்கோ அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து. அண்ணன் பாதிச் சொல் சொன்னால் மீதியை அவள் கை எழுதிவிடும். அப்போது அவள் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் இருந்தாள். எல்லாத் தாள்களும் முடிந்து 'பொது நிதி' என்ற ஒரே ஒரு தாள் பாக்கி. அப்பா ஒரு யோசனை சொன்னார். அவள் தேர்வுக் கூடத்துக்குப் போனாள். பேரும் நம்பரும் மட்டும் எழுதி, வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்படி மூன்று தடவை. அவள் கூட இருந்து எழுதியும் அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மார்க், இரண்டு மார்க் குறைந்தது. போகாமலே இருந்தால் 'ஆப்சென்ட்' என்று வரும், யாராவது சந்தேகப்படுவார்கள். 'பெயில்' என்றால் கேள்வியே இல்லை என்பது அப்பாவின் கணக்கு. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த மனிதர், தாள்களின் அருமை தெரிந்தவர். பெயிலான அந்த மதிப்பெண் பட்டியலை அவர் லேமினேட் செய்து வைத்திருந்தார். மகனின் பதக்கங்கள் இருக்கும் அதே அலமாரியில்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. தெருவில் அண்ணனுக்கு இப்போதே 'ஆபீசர்' என்று பெயர். தங்கைக்கு 'அரியர்'. மூலைக் கடை ஜெராக்ஸ்காரி மட்டும், பாவம், கிண்டலாக இல்லாமல் அக்கறையாகவே கேட்பாள். "என்ன அரியர், இந்தத் தடவையாவது மண்டையில ஏறுமா?" மாதிரித் தேர்வில் அண்ணன் 'பொது நிதி'யில் வாங்கிய முதல் மதிப்பெண் முழுக்க அவள் எழுதிய குறிப்புகளில் இருந்து வந்தது என்பதை ஜெராக்ஸ்காரிக்கு யார் சொல்வது? அந்தக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"அப்பா, இந்தத் தடவை கடைசி," என்றாள் மகள். "பழைய பாடத்திட்டத்தை எடுத்துடறாங்க. லெட்டர் வந்திருக்கு. இதுல பாஸாகலைன்னா மறுபடி முதல்லேர்ந்து மூணு வருஷம் படிக்கணும்."

"அவனுக்கும் இதுதான் கடைசி. அதுக்கப்புறம் வயசு தாண்டிடும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா? ரிசல்ட் நாப்பது நாள்ல வந்துடும். அவன் பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு. நீ பாஸானா அவன் பக்கத்துல உக்கார முடியுமா?" அப்பாவின் குரல் உடைந்தது. அவர் கொடுமைக்காரர் அல்ல. அதுதான் இதில் பெரிய கொடுமை. "போகாதேன்னு சொல்லலைம்மா. போ. பேரும் நம்பரும் மட்டும் எழுதிட்டு வந்துடு. ஒரே ஒரு தடவை."

"போன தடவையும் ஒரே ஒரு தடவைன்னுதான் சொன்னீங்க."

"அவன் ஆபீசர் ஆயிட்டா உனக்கென்ன குறை? ஆபீசர் தங்கச்சியை யாரும்மா டிகிரி கேக்கப் போறான்?"

சமையலறையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். காதில் விழக் கூடாத பேச்சு எழும்போதெல்லாம் அவள் பாத்திரம் தேய்ப்பாள். அந்த வீட்டுப் பாத்திரங்கள் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

"விடுங்கப்பா," என்றான் அண்ணன். "அவ இஷ்டம்."

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். 'அவ இஷ்டம்' என்பது விருப்பம் இல்லாதவர்கள் சொல்லும் சொல் என்று அவளுக்குத் தெரியும். அவன் கட்டைவிரல் பிரெய்ல் கைக்கடிகாரத்தின் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தது. பயந்திருக்கிறான். அவளுக்கு அவன் மேல் பாசம் பொங்கியது. அதே நேரம் அந்த நாற்காலியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"எழுதிப் பாக்கலாமா? அறநெறித் தாள்," என்றான் அவன்.

அவள் பேனாவை எடுத்தாள். கேள்வியை வாசித்தாள். 'நீங்கள் ஒரு மாவட்டத்தின் உயர் அதிகாரி. ஒரு குடும்பத்தினர், நோயுற்ற உறவினரைக் கவனிப்பதற்காக மகளின் படிப்பை நிறுத்திவிட்டதாகத் தகவல் வருகிறது. என்ன செய்வீர்கள்?'

அண்ணன் யோசிக்கவேயில்லை. மடை திறந்தது போலச் சொன்னான். அவள் எழுதினாள்.

"முதலில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, 'உனக்கு என்னம்மா வேண்டும்?' என்று கேட்பேன். ஏனென்றால், அவளைப் பற்றிய எல்லா முடிவுகளும் அவளிடம் கேட்காமலேயே எடுக்கப்பட்டிருக்கும்... எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இந்த வரிக்கு நல்ல மார்க் விழும்," என்றான் அண்ணன். அவன் முகம் பரிசு வாங்கிய பிள்ளை போல மலர்ந்திருந்தது. குறும்பு இல்லை, குத்தல் இல்லை. பக்கத்தில் இருப்பது ஒரு கை என்றே பழகிவிட்டான். கையிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.

மறுநாள் காலை அப்பா வழக்கம் போல இங்க் பேனாவில் கழுத்து வரை மை நிரப்பினார். பால்பாயிண்டில் எழுதினால் எழுத்து அழகு கெட்டுவிடும், திருத்துகிறவர் மனசு மாறிவிடும் என்பது அவர் நம்பிக்கை. மகனின் பயிற்சிக்கான பேனா அது. கை அதற்கே பழகிவிட்டதால் அவள் அதையே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பேரும் நம்பரும்," என்றார் வாசலில் நின்று. கெஞ்சுகிற குரல்.

பத்து மணிக்குக் கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி பற்றாக்குறையைப் பற்றியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேரும் நம்பரும் எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள். அண்ணன் தனியாக, யாரோ ஒரு பையன் பக்கத்தில் தடுமாற, கடைசி இரண்டு கேள்விகளைத் தொடாமல் எழுந்திருப்பது கண்ணில் வந்தது. பத்தரைக்கு மணி அடித்தது. "போறவங்க போகலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

மூன்று வருஷப் பழக்கம். கால்கள் தானாக எழுந்துவிட்டன. தாளை எடுத்துக்கொண்டு மேசை வரை நடந்தும் விட்டாள். கண்காணிப்பாளர் முதல் பக்கத்தைப் புரட்டினார். வெள்ளை. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையாம்மா?"

"எல்லாம் தெரியும் சார்," என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நான் உக்காந்துக்கலாமா சார்?"

பதினோரு மணிக்கு வந்திருக்க வேண்டிய பெண் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"பஸ் கிடைக்கலையாம்மா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"கூட்டமா இருந்திருக்கும். சனிக்கிழமை இல்லையா. சரி, அவன் காத்துக்கிட்டிருக்கான், உக்காரு." அவரே அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைத் திருகினார், பழைய காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தார். கோடு விழவில்லை. உதறினார். ஒரு சொட்டு கூட விழவில்லை.

"காலையிலதானே நெறைச்சேன்?"

"ஆமாப்பா. தீந்துபோச்சு."

பேருக்கும் நம்பருக்கும் எவ்வளவு மை ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? பேனாவைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் குழாய் திறந்தது.

"அப்ப எனக்கு யாரு எழுதுவா?" என்றான் அண்ணன்.

"ஸ்கூல் முடிச்ச யாரையாவது நானே தேடிப் பிடிக்கறேன். ரெண்டு மாசம் இருக்கு. உன் வேகத்துக்குப் பழக்கித் தர்றது என் பொறுப்புண்ணா."

"நாலு மார்க்கு போயிட்டா?" அப்பா தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த நாலு மார்க்குக்காக நான் மூணு தடவை பெயிலாயிருக்கேன்பா." கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

அந்த இறுக்கத்தை அண்ணனால் தாங்க முடியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி படிப்புதான். "நேத்து எழுதினதையாவது வாசிச்சுக் காட்டு," என்றான்.

அவள் தாளை எடுத்தாள். தன் கையெழுத்தில் இருந்த அவன் வார்த்தைகளை நிதானமாக வாசித்தாள். "முதலில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, 'உனக்கு என்னம்மா வேண்டும்?' என்று கேட்பேன்."

அத்துடன் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். சமையலறையில் குழாய் நின்றது. ஒரு நிமிஷம் முழுதாகக் காத்திருந்தாள்.

"மேலே படி," என்றான் அண்ணன்.

"படிக்கத்தான் போறேண்ணா," என்று அவள் தாளை அவன் மடியில் வைத்தாள்.