ஏரிக்கரை வரிசையில் செத்தவை

கொழுஞ்சியைப் போய் யாராவது நாற்று விட்டு நடுவார்களா? பெருமுக்கல் ஊரே கேட்டுச் சிரித்தது. வேர்க்கடலைக் கொல்லை வரப்பில், ரோட்டோரத்தில், மலைப் பாறை இடுக்கில் என்று கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கிற செடி அது. அதை இருநூற்று நாற்பது நாற்றாகப் பையில் வளர்த்து, மலையடிவாரத்தில் அண்ணன் மணிமாறனின் சரளைக் கொல்லையில் கயிறு பிடித்து வரிசை வரிசையாக நட்டாள் கலைப்பிரியா. விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் ஆறு வருஷமாக அவள் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி.

"இதுக்கு டாக்டர் பட்டம் தர்றாங்கன்னா, தினம் இதை மிதிச்சிக்கினு போற நம்ம ஆட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றான் அண்ணன்.

சிரிக்காத ஒரே ஆள் அண்ணி கிருஷ்ணவேணி. கலையைவிட நாலே வயது மூத்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கலை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மேலே படிக்க வேண்டாம் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றபோது, புது மருமகள் என்றும் பாராமல் எதிர்த்துப் பேசிக் கல்லூரிக்கு அனுப்பியவள் அவள்தான். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து அக்கம்பக்கம் கண் வைத்தது.

நட்டு முடித்த அன்று கலை இரண்டு இலைகளைக் கிள்ளி அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடிப்பக்கம் தடவிப் பாருங்க அண்ணி. இது மலை மேல பாறை இடுக்குல எடுத்த விதை. இது ஏரிக்கரை விதை."

மலை இலையில் பூனை முடி மாதிரி மெல்லிசாக ஏதோ விரலில் பட்டது. ஏரிக்கரை இலை வழவழவென்று இருந்தது.

"ரெண்டும் கொழுஞ்சிதானே?"

"ஒரே செடிதான். ஆனா ஒரே வூட்டுப் பிள்ளைங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குதா? அப்படித்தான் இதுவும். பாறையில முடி இல்லாதது விதை வைக்கிறதுக்குள்ள கருகிப் போயிருக்கும். முடி இருந்தது தப்பிச்சு விதை விட்டிருக்கும். இப்படியே எத்தினி நூறு வருஷமோ. எல்லாம் ஒரே அச்சா இருந்திருந்தா ஒரு கோடையில பூண்டோட போயிருக்கும்."

"அப்ப இந்தச் சரளையில ஏரிக்கரைப் பிள்ளைங்க செத்துடுமா?"

"சாவும்னு நான் சொல்றேன். அது நெஜமான்னு பார்க்கத்தான் இத்தனை பாடு. மொதப் பத்து நாள்ல வேர் புடிக்காத நாத்தை மாத்தி நடலாம். அதுக்கப்புறம் தண்ணி ஊத்தக் கூடாது, கையே வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உசிரோட இருக்கறத எண்ணி நோட்டுல எழுதுங்க, போதும். சாவறதுதான் அண்ணி எனக்குப் பதில்."

அண்ணி தலையாட்டினாள். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துகொண்டுதான் ஆட்டினாள்.

ஏரிக்கரை விதை குறைவாகத்தான் முளைத்திருந்தது. அதில் மிச்சம் இருந்த சொற்ப நாற்றும் அந்தப் பத்து நாளிலேயே செலவாகிவிட்டது. கொட்டகையில் மலை நாற்று மட்டும் நூற்றைம்பது பை மிஞ்சி நின்றது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கலை விழுப்புரத்தில் வாடகை அறையில் இருந்தாள். கல்லூரித் தோட்டத்திலும் இரண்டு வகையையும் அடுத்தடுத்து வளர்த்தாள். அங்கே ஒரே மண், தினம் குழாய்த் தண்ணீர். அப்படிச் செல்லமாக வளர்த்தும் மலைச் செடி தன் முடியை விடவில்லை, ஏரிக்கரைச் செடிக்கு ஒரு முடியும் முளைக்கவில்லை. ஆக, அது மண்ணால் வந்ததில்லை, பிறப்போடு வந்தது. அது பாறையில் பிழைக்க உதவுகிறதா என்பதற்குப் பெருமுக்கல் கொல்லைதான் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணியின் நோட்டுப் பக்கம் வாட்ஸப்பில் வந்து விழுந்தது. மலை நூற்றிருபது, ஏரிக்கரை நூற்றிருபது. மாசி போனது, பங்குனி போனது. சித்திரை வெயிலில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செருப்புக் கால் பொசுங்கியது. மலை நூற்றுப் பதினாறு, ஏரிக்கரை நூற்றுப் பதினான்கு. ஆனி கடைசியிலும் அதே கணக்கு. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறு வருஷமாக அவள் கட்டிய கோட்டை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"நீங்களே எண்ணினீங்களாம்மா?" என்று கேட்டார் வழிகாட்டிப் பேராசிரியர் ஜினேந்திரன். செஞ்சிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

"எங்க அண்ணி எண்ணினாங்க சார். என்னைவிட அவங்களை நம்பலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அண்ணியின் மடியில் தலை வைத்து ஓவென்று அழுதாள். நான் ஒரு முட்டாள், இல்லாததை இருக்கிறதாக நினைத்து இத்தனை வருஷத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று புலம்பினாள். அண்ணி தலை வாரிவிட்டாள். "விடு கலை. இதுக்கா உலகம் முழுகிப் போச்சு?" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

கலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். எந்த விதையை எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்று ஒரு முழு அத்தியாயம். கருத்தரங்கில் நாற்பது பேர் முன்னால் நின்று தன் யூகம் தப்பு என்று தன் வாயாலேயே சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், அதுவே கடைசித் தவணை. கொடுத்துவிட்டால் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை ஒன்று காத்திருந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, ஆய்வேட்டில் ஒட்டப் படம் எடுக்கக் கொல்லைக்கு வந்தாள். ஏரிக்கரை வரிசையில் குந்தி உட்கார்ந்து, லேபிளை மறைத்த கிளையை ஒதுக்கினாள். இலையின் அடிப்பக்கம் விரலில் பட்டது.

முடி.

லேபிள் மாறியிருக்கும் என்று அடுத்த செடியைத் தொட்டாள். அதிலும் முடி. அடுத்ததிலும் முடி. நான்காவது மட்டும் வழவழ. அது சாணுயரத்தில் பாதி காய்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

அண்ணி தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். "வெயில் ஏறுது, ஜல்தி முடிச்சிக்கினு வா. உங்கண்ணன் மீன் வாங்கியாந்திருக்காரு."

"இது இன்னா செடி அண்ணி?"

"ஏரிக்கரைச் செடி. லேபிள் கீதே."

"லேபிள் நான் வெச்சது. செடி யாரு வெச்சது?"

தூக்குவாளி கீழே இறங்கியது.

"மாசியில எங்கம்மா வூட்டுக்கு நாலு நாள் போயிருந்தேன்ல. வந்து பார்த்தா இந்த வரிசையில பத்தொன்பது தலை சாஞ்சிடுச்சு. நான் பார்க்காம வுட்டுட்டேன்னு நீ நெனச்சிப்பியோன்னு பயந்துட்டேன். கொட்டகையில நாத்து நின்னுச்சு. எடுத்து நட்டு, வேர் புடிக்கற வரைக்கும் சொம்புத் தண்ணி வுட்டேன். ஒரு தடவைதான்னு நெனச்சேன். அது பாட்டுக்கு வாராவாரம் செத்துக்கினே இருந்துச்சு. நானும் நட்டுக்கினே இருந்தேன். சொட்டை விழுந்த கொல்லையைப் பார்த்து ஊரு இன்னா பேசும் சொல்லு?"

இதைக் கேட்டதும் கலைக்குப் பாதி கோபம் இறங்கியதுதான் உண்மை. பயிர் செத்த இடத்தில் வேறு நாற்றை ஊன்றுவது எந்த விவசாயிக்கும் கை தானாகச் செய்கிற வேலை. தெரியாமல் செய்துவிட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"ஆறு செடி செத்துச்சுன்னு எழுதினீங்களே. அந்த ஆறு இடத்துல மட்டும் ஏன் நடல?"

அண்ணி முந்தானையைத் திருகினாள்.

"ஒண்ணுமே சாவலன்னா நீ நம்ப மாட்டியே."

அடிப்பாவி! பயத்தில் செய்தது ஒன்று. இது அப்படியா? கணக்குப் போட்டு, நம்புகிற மாதிரி அளந்து எடுத்த பொய். கூடவே இருந்து குழி பறித்துவிட்டாளே. எதிரி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவளை எந்த வார்த்தையால் திட்டுவது?

"அன்னிக்கு உங்க மடியில படுத்து அழுதேனே அண்ணி! நான் முட்டாள் முட்டாள்னு தலையில அடிச்சிக்கினேனே! அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல."

"வாய் வரல. சீப்பு எடுக்கக் கை மட்டும் வந்துச்சா?"

அண்ணி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கிட்டே வந்து கலையின் கையைப் பிடித்தாள். "யாருக்கும் தெரியாது கலை. நீயும் நானும்தான். எழுதினதையே குடுத்துடு. உங்க சாருங்க எல்லாம் ஒத்துக்கினாங்க இல்ல? எதுக்கு இன்னும் பேஜாரு? பட்டத்தை வாங்கிக்கினு வேலையில சேரு."

கலை கையை உதறினாள். நடுக்கொல்லையில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. வரிசையின் முதல் செடிக்குப் போய்க் குந்தி, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் தடவினாள். முடி இருந்தால் ஒரு கோடு, வழவழவென்றால் ஒரு வட்டம். முழங்கால் கடுத்தது, வெயில் உச்சிக்கு வந்தது. அண்ணி நாலடி தள்ளி, டீயோடு கூடவே நகர்ந்து வந்தாள்.

நூற்று ஒன்று கோடு. பதின்மூன்று வட்டம். ஆறு சொட்டை.

"மலை வரிசையில எத்தினி மாத்தினீங்க?"

"அதுல கையே வைக்கல. அது தானா நின்னுச்சு, கலை. சாமி சத்தியமா."

மலை நூற்றிருபதில் நூற்றுப் பதினாறு பிழைத்திருந்தது. ஏரிக்கரை நூற்றிருபதில் பதின்மூன்று. ஆறு வருஷமாக அவள் சொன்னது அத்தனையும் சரி, எள்ளளவும் பிசகவில்லை.

அண்ணிக்கும் அது புரிந்துவிட்டது. "அப்ப நீ சொன்னதுதானே நெஜம்? ஜெயிச்சிட்டியே கலை!" என்று ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

கலைக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் தான் போட்ட கோடுகளைப் பார்த்தாள். நூற்று ஒரு முறை இவள் குழி தோண்டியிருக்கிறாள். நூற்று ஒரு முறை தண்ணீர் விட்டு, மண் அணைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து போனில் "சாப்டியா கலை?" என்று கேட்டிருக்கிறாள். நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் இருந்தது.

அங்கேயே நின்று ஜினேந்திரன் சாருக்குப் போன் செய்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இலை உங்களைக் காப்பாத்திச்சும்மா. கடைசியில எத்தனை பிழைச்சதுங்கறது நிக்கும். ஆனா எது எந்த வாரம் செத்ததுன்னு தெரியல. வாராவாரக் கணக்கு மொத்தமும் குப்பை. மறுபடி நடணும். ஒரு வருஷம் கேட்டு லெட்டர் எழுதுங்க. காரணம் கேப்பாங்க, உள்ளதை எழுதுங்க."

ஸ்பீக்கரில் அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்பேரு போடுவியா?" என்றாள்.

"நோட்டு ஃபுல்லா உங்க கையெழுத்துதானே அண்ணி. போடாம எப்படி?"

பெயரைப் போட்டுத்தான் எழுதினாள். கல்லூரி ஒரு வருஷம் கொடுத்தது. விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. விஷயம் அண்ணன் காதுக்கும் எட்டியது. வீட்டில் இரண்டு நாள் உலை ஏறவில்லை என்று கேள்விப்பட்டாள். போன் செய்து விசாரிக்க மனம் வரவில்லை.

ஐப்பசியில் மறுபடி நட்டாள். இந்த முறை மிச்ச நாற்று ஒன்றைக்கூடக் கொட்டகையில் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் மாறி, பெருமுக்கலில் இறங்கி நேராகக் கொல்லைக்கு நடப்பாள். எண்ணி முடித்ததும் அதே வழியில் திரும்பிவிடுவாள். வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"எதுக்கு இப்படி அலையற? நான் எண்ணித் தர்றேன். இனிமே அப்படிச் செய்வேனா?" என்று அண்ணி ஒரு முறை வரப்பில் நின்று கேட்டாள்.

"வேணாம் அண்ணி. நானே வர்றேன்."

மாசி பிறந்தது. அந்த வெள்ளிக்கிழமை பஸ் தாமதம். அண்ணி கொல்லை ஓரத்தில் எப்போதிலிருந்தோ காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு செத்திருக்கு கலை. எல்லாம் ஏரிக்கரை வரிசை. நான் ஒண்ணையும் தொடல."

கலை தலையசைத்தாள். பிறகு வரிசையின் தலைமாட்டுக்குப் போய்க் குந்தி, ஒன்றிலிருந்து ஆரம்பித்து எண்ணினாள். நூற்றிருபதையும் எண்ணினாள். அண்ணி அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுதான் செத்திருந்தது. கலை நோட்டில் ஏழு என்று எழுதினாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவளே வந்து எண்ணினாள்.