திரும்பிப் போகாத ராஜாக்கள்

கஸ்பாருக்கு எப்படியாவது வெள்ளைக்காரனைத் துரத்தியாக வேண்டும். விடிந்தால் கப்பல். கேமராவில் இருந்ததோ ஒரே சுருள், அதிலும் பாதி தீர்ந்துவிட்டது.

அவன் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். கப்பலின் இரண்டாம் ஆபீசர் இங்கிலீஷ்காரர். ஈயச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, துளித்துளியாக நகர்த்தி, குட்டிக் கேமராவில் சரித்திரப் படம் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு அறைச் சுவரில் போட்டுக் காட்டுவார். எந்தச் சண்டையானாலும் தலைப்பாகை கட்டிய பொம்மைகள்தான் ஓடும். கடைசியாக ஓடுகிறவனுக்குக் காகித வேட்டி அவிழும். கப்பலே சிரிக்கும்.

மெட்ராஸில் இறங்கும்போது கஸ்பார் வாயைக் கொடுத்துவிட்டான். எங்கள் ஊர்ச் சரித்திரத்தை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். ஆபீசர் கேமராவையும் ஒரு சுருளையும் அவன் கையில் வைத்து, பார்க்கலாம் என்றார்.

ராயபுரத்து வீட்டில் ஈயச் சிப்பாய்க்கு எங்கே போவது? கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. சொரூபங்கள் அவன் மனைவி ஹில்டா அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தவை, சாமியார் மந்திரித்தவை. பாலன், மாதா, சூசையப்பர் மூவரையும் தொடக் கூடாது என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். இடையர்கள் நடிக்கலாம், கையில் கத்தி கூடாது. ஆடுகள் இஷ்டம்போல.

கிரீடம் இருந்ததால் மூன்று ராஜாக்களும் கும்பினித் துரைகள் ஆனார்கள். ஒருவர் வார்ப்பிலேயே முழங்காலில் இருந்தார். துரைக்கு மூட்டுவலி என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஹில்டா. இன்னொருவர் கறுப்பு. பவுடர் பூசலாமா என்று கஸ்பார் கேட்டான். ஹில்டா பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கறுப்பு ராஜா, துரைகள் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி ஆனார்.

கும்பினிக்கு மெட்ராஸில் நிலம் கொடுத்த நாயக்கருக்குப் பக்கத்து வீட்டு ராஜாத்தி ஒரு தலையாட்டி பொம்மையைத் தந்தாள். துரைகள் மணலைக் கேட்டார்கள், நாயக்கர் தலையாட்டினார். கடலைக் கேட்டார்கள், அதற்கும் ஆட்டினார். ஒன்றுமே கேட்காதபோதும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கடல் ஒரு நீல லுங்கி. கோட்டை சோப்புப் பெட்டி. கஸ்பார் கேமரா விசையை ஒரு தட்டுத் தட்டுவான், ஒரு படம் விழும். ஹில்டா ஒவ்வொரு ராஜாவையும் நெல்மணி அளவு நகர்த்திக் கையை எடுப்பாள். மறுபடி தட்டு. அவள் கை பிசகவே இல்லை. வருஷா வருஷம் செய்கிற வேலைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராஜாக்களைப் பலகையின் கோடியில் வைத்து, தினம் ஒரு விரற்கடை நகர்த்தி, ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளன்று பாலன் முன்னால் சேர்ப்பாள்.

இரண்டாம் தேதி மத்தியானம் துரைகள் கரையேறிக் கோட்டையும் கட்டியாயிற்று. இனி ஆடுகள் துரத்த வேண்டும்.

"ராஜாங்கள திருப்பி வை. கடலுக்கு ஓடுறாங்க" என்றான் கஸ்பார்.

ஹில்டா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாலனப் பாக்கக் கெளம்பினவங்கய்யா. பாக்காம திரும்புவாங்களா? ஆறாம் தேதி பாத்துக்கினு வரட்டும். அப்பால ஓட வுடு."

"ஆறாம் தேதி நான் நடுக்கடல்ல கீறேன்."

"அதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

துரை வேஷம் போட ஒத்துக்கொண்டவர்கள் ஓட மாட்டார்களா என்று கேட்டுப் பார்த்தான். வேஷம் வேறு, போன காலைத் திருப்புவது வேறு என்றாள். ஒரு வருஷம் அவள் தம்பி விளையாட்டாக ஒரு ராஜாவைத் திருப்பி வைத்தான். அந்த வருஷம்தான் அப்பாவுக்கு ரயில்வேயில் வரவேண்டிய பிரமோஷன் வாசல்வரை வந்து திரும்பிப் போனது. அவர்கள் வீட்டில் இதைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை.

கஸ்பார் கேமராவைக் கீழே வைத்தான். அதுவரை சொல்லாததை அப்போதுதான் சொன்னான், அந்த வேட்டி சமாச்சாரத்தை.

"நீயுமா சிரிச்ச?"

"எல்லாருக்கும் முன்னாடி."

ஹில்டா ராஜாக்களைப் பார்த்தாள். திருப்பவில்லை. "வேற எதுனா பண்ணு. அந்த வேட்டிக்குப் பதில் சொல்லாம நீ கப்பலேறக் கூடாது" என்றாள்.

கஸ்பார் யோசித்தான். ஆபீசர் ஒருமுறை வேடிக்கை காட்டியிருந்தார். சுவரில் ஒரு ஆள் தண்ணீரிலிருந்து கிளம்பி, பின்பக்கமாகப் பறந்து பலகைமேல் போய் நின்றான். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி முன்னும் பின்னும் மாற்றி ஒட்டினால் போதுமாம். முன்னால் போனது பின்னால் போகும்.

இதை அவன் சொன்னதும் ஹில்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாலன் கிட்டதான் போவாங்க?"

"நேரா."

"செவுத்துல?"

"பின்னாலயே கடலுக்கு. மூஞ்சி மட்டும் குடிலப் பாத்துக்கினு."

"அப்போ கடல இப்டி இஸ்து இவங்க முதுகாண்ட போடு. லுங்கிய யாரும் மந்திரிக்கல."

கடல் இடம் மாறியது. ஆடுகளை ராஜாக்களின் மூக்கருகே நிறுத்தினார்கள். தட்டுக்குத் தட்டு ராஜாக்கள் முன்னேற, ஆடுகள் பின்வாங்கின. சுவரில் எல்லாம் தலைகீழாகும். வெயில் ஜன்னலை விட்டுப் போவதற்குள் சுருள் தீர்ந்தது. ராஜாக்கள் அதற்குள் குடில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். சீக்கிரம் வந்தது அவர்கள் தப்பு, ஆறாம் தேதிவரை வெளியில் நிற்கட்டும் என்றாள் ஹில்டா.

சுருளைச் சிங்கப்பூரில் கழுவினார்கள். வெட்டி ஒட்டியது ஆபீசரேதான். சனிக்கிழமை சாயங்காலம் சுவரில் துரைகள் வந்தார்கள். நாயக்கர் தலையாட்டியதற்கே சமையல்காரன் திருமலை மேசையைத் தட்டினான். பிறகு ஆடுகள் பாய்ந்தன. இரண்டு துரைகளும் துபாஷியும் அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போனார்கள், ஒருவர் முழங்காலிலேயே. கப்பல் சிரித்த சிரிப்பில் கஸ்பாருக்குத் தன் சிரிப்பே கேட்கவில்லை.

ஆபீசரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படம் காட்டும் மெஷினில் ஒரு பிடியைத் திருப்பினார். படம் பின்னோக்கி ஓட, துரைகள் கடலிலிருந்து மறுபடி கரையேறினார்கள். திருமலை எழுந்து வந்து பிடியை மாற்றினான். துரைகள் கடலுக்குப் போனார்கள். ஆபீசர் திருப்பினார். வந்தார்கள். மாற்றி மாற்றி எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. துரைகள் தண்ணீரில் இருந்தபோது பல்பு புஸ்ஸென்று போனது.

அடுத்த சனிக்கிழமைக்குள் புது பல்பு வேண்டும், ஈயச் சிப்பாய்ப் படம் ஒன்று பாக்கியிருக்கிறது என்றார் ஆபீசர். கொழும்பில் கிடைக்குமா பார்க்கிறேன் என்றான் கஸ்பார்.

கப்பல் கொழும்புக்கு முதுகைக் காட்டி ஹாங்காங் போய்க்கொண்டிருந்தது.