குடிவருமுன் பிடித்தம்

மற்ற வீட்டுக்காரர்கள் காலி பண்ணும்போதுதான் அட்வான்ஸில் பிடித்தம் பேசுவார்கள். இந்த மனுஷர் குடிவருவதற்கு முன்பே பிடித்துவிடுவார். கையில் சாக்பீஸோடு அறை அறையாக நடந்து, எங்கெங்கே என்னென்ன பாழாகப் போகிறதோ அங்கெல்லாம் ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் அட்வான்ஸில் ஒரு தொகை போச்சு.

“பின்னாடி மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க, அதான்,” என்றார்.

வீடு பார்க்க வந்திருந்த கண்டக்டர் தலையாட்டினார். பஸ்ஸில் சில்லறைக்காக ஊரையே அதட்டுகிறவர், இங்கே பெட்டிப் பாம்பாக நின்றார். வேறென்ன செய்ய? இருக்கிற வீட்டை அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். இதுவரை பார்த்த வீடெல்லாம் மனைவியின் வாயால் போயிற்று. “இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாப் போகும்,” என்று வழியெல்லாம் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். கேட்கிற ஜென்மமா அது!

“இங்க காலண்டர் மாட்ட ஆணி அடிப்பீங்க.” ஒரு வட்டம்.

“எங்க வீட்டுல காலண்டரே கிடையாது,” என்றாள் அவள்.

“கடைக்காரர் சும்மா குடுத்தா?”

“மூஞ்சிலேயே திருப்பிக் குடுப்பேன்.”

வீட்டுக்காரர் வட்டத்தைச் சட்டைக் கையால் அழித்தார். சமையலறைக் கதவில் அடுத்தது. “உங்களுக்குள்ள சண்டை வந்து கதவை அறையறதுக்கு இது.”

“நான் கதவை அறைய மாட்டேன். இவரைத்தான் அறைவேன்.”

கண்டக்டர் அசடு வழியச் சிரித்தார். வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து அதையும் அழித்தார். ஆனால் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. “இன்னும் ஒண்ணை அழிக்கச் சொன்னா, நீங்க வேற வீடு பார்த்துக்கலாம்மா.”

கூடத்துக்கு வந்து, முட்டி போட்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு வட்டம் போட்டார். “இது உங்க பிள்ளை கிறுக்கப் போற இடம்.”

கண்டக்டர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். பாவி மனுஷா, போயும் போயும் இதையா! கல்யாணமாகி எத்தனையோ வருஷம். ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. “எங்களுக்குக் குழந்தை இல்லீங்க,” என்றார் மெதுவாக.

“வராமயா போயிடும்? வந்தா கிறுக்காம இருக்குமா? பிடிச்சது பிடிச்சதுதான்.”

இந்த வீடும் போச்சு என்று கண்டக்டர் செருப்பைத் தேடினார். மனைவி சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க இது, இத்துனூண்டு போட்டிருக்கீங்க,” என்றாள் கடைசியில். “எங்க பிள்ளை இதுக்குள்ளயா அடங்கும்? அந்த ஜன்னல் வரைக்கும் போடுங்க.”