வளர்ப்பில் வந்த பயம்

பக்கெட்டில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறினால் லூயிசாவுக்கு ஆகாது. உடனே குழாயை மூடிவிடுவாள். ஒரு கையால் வர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் சொம்பை எடுப்பாள். மயிலாப்பூரில் அந்த வீட்டோடு தங்கி ஆயா வேலை, குழந்தை பிறந்ததிலிருந்து ஐந்து வருடமாக இப்படித்தான். சாயங்காலம் கடல்காற்று வீசினால் ஜன்னலையும் சாத்திவிடுவாள். தொண்ணூற்றொன்றில் கட்டுமரத்தில் போன அவள் புருஷன் பிலிப்பின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

அன்று குழந்தையின் அம்மா ஜெயபாரதி பாங்குக்கு லீவு போட்டிருந்தாள். குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து பீச்சுல அலையப் பாத்துட்டு என்னமா அலறித்து தெரியுமா? தண்ணிக்குள்ள பிலிப் இருக்கான்னு சொல்றது. ஒன் ஆம்படையான் பேரு இதுக்கு எப்படித் தெரியும்?"

லூயிசா சொம்பைக் கீழே வைத்தாள். "மாதா சத்தியமா நான் சொல்லலம்மா. கொயந்தைகிட்ட அந்தப் பேரையே எடுத்ததில்ல."

"தூங்கச்சொல்லோ கூப்டுவியே ஆயா," என்றாள் வர்ஷினி. "பிலிப்பு, கைய குடு, கைய குடுன்னு."

மத்தியானங்களில் இருவரும் ஒரே பாயில்தான் படுப்பார்கள். தன் வாய் அப்படிப் பேசுவது லூயிசாவுக்கு இதுவரை தெரியாது. அப்படியானால் அவன் இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை.

"எங்காத்துல யாருக்கும் இப்படி இல்ல. பொறப்புல வந்ததில்ல, வளர்ப்புல வந்ததுன்னு டாக்டரே சொல்லிட்டார். இன்னியோட நின்னுக்கோ லூயிசா. தப்பா நெனச்சுக்காதே."

வர்ஷினி முந்தானையை விடவில்லை. ஜெயபாரதிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

லூயிசா பையைத் தூக்கிக்கொண்டு சாந்தோம் குப்பத்துக்கு நடந்தாள். பிலிப் போன பிறகு பிறந்த மகள் ஷெரில் அங்கே பெரியம்மாவிடம் வளர்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து லூயிசா வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

ஷெரில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து அலையை எடைபோடும் அந்த விதம் அச்சு அசல் பிலிப். அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

ஈர மணலில் கால் வைக்க முடியாமல் லூயிசா மேட்டிலேயே நின்றாள். "ஷெரிலு! வெளிய வாடி! அம்மா கூப்புடறேன்ல!"

பெண் திரும்பினாள். முகத்தில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கெயம இல்லியே. இன்னாத்துக்கு வந்தே?"

பதிலுக்கு நிற்காமல் அடுத்த அலைக்குள் தலைகுப்புறப் பாய்ந்தாள். தலை எங்கே எழும் என்று லூயிசா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.